ஆறரை மணிக்கு நைனா வருவார்

ஓமான் நாட்டில் சோஹார் துறைமுகத்துக்குப் போய், ஏதாவது ஒரு கண்டெய்னரின் எண்ணைச் சொல்லி அது எங்கே என்று கேட்டால், வினிதா அரை நிமிடத்தில் சொல்லிவிடுவாள். எந்த வரிசை, எத்தனையாவது அடுக்கு, அதன் தலைமேல் எத்தனை உட்கார்ந்திருக்கின்றன, எல்லாம் அத்துப்படி. சோஹாருக்கு வேலைக்குப் போகும் முன், திருவொற்றியூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் எட்டு வருடம் குப்பை கொட்டிய அனுபவம் அது. பத்தாயிரம் பெட்டிகளை நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் கட்டி மேய்க்கிறவளுக்கு, மேய்க்க முடியாமல் போனது ஒரே ஒரு ஆள். நெட்டுக்குப்பத்தில் இருக்கும் அவளுடைய அப்பா எத்திராஜ். அவள் வாயில் நைனா.

நைனாவுக்கு எழுபத்து நான்கு வயது. விவரம் தெரிந்த நாள் முதல் எண்ணூர்க் கடலில் மீன் பிடித்தவர். மனைவி முத்தம்மா போன மறு வருடம் அவருக்கு மறதி வந்தது. முதலில் சாவியை மறந்தார். பிறகு சாப்பிட்டதை மறந்தார். அப்புறம் முத்தம்மா செத்துப்போனதையே மறந்துவிட்டு, அவள் ஏன் இன்னும் மார்க்கெட்டிலிருந்து வரவில்லை என்று கேட்க ஆரம்பித்தார். டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, இது ஏறிக்கொண்டே போகிற நோய், இறங்காது என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு நைனா நல்ல தெளிவாகத்தான் இருந்தார். ஆட்டோவில் திரும்பும்போது மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனுக்கு இன்னா ஆனாலும் பரவால்ல கண்ணு. அலை சத்தம் கேக்காத எடத்துல மட்டும் என்னக் கொண்டுபோய் வுட்டுடாத."

"வுடமாட்டேன் நைனா" என்று வினிதா சொன்னாள். சொல்லிவிட்டு, ஐந்தாம் நாள் லீவு முடிந்து விமானம் ஏறினாள்.

வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்ட உறவுக்காரர்கள் அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். மகள் அங்கே பத்தாம் வகுப்பு. கணவன் திலீப் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பை மூடி ஆறு மாதம் ஆகிறது. இவள் ஒருத்தி சம்பளத்தில் இரண்டு வீடு ஓடுகிறது. நைனாவை அங்கே அழைத்துக்கொள்ளலாம் என்றால், காத்திவாக்கம் மேம்பாலம் தாண்டினாலே அவர் கார்க் கதவை உதைக்கிறார். விமானத்தில் ஏற்றினால் என்ன நடக்கும் என்று அவள் யோசித்துப் பார்க்கவே விரும்பவில்லை.

ஆகவே ஆள் போட்டாள். தண்டையார்பேட்டையில் ஜானட் என்ற அம்மாள், வீட்டோடு தங்கி நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்களை அனுப்பும் ஒரு சின்ன ஏஜென்சி நடத்தினாள். பதினான்கு மாதத்தில் அங்கிருந்து ஐந்து பேர் வந்தார்கள். முதலாவது பெண்ணுக்கு மீன் வாசனை ஒத்துக்கொள்ளவில்லை. நெட்டுக்குப்பத்தில் மீன் வாசனை இல்லாமல் வேறென்ன மல்லிகை வாசனையா வரும்? இரண்டாவது பெண், நைனா இரண்டு முறை மீன்கூடையைத் தூக்கி எறிந்ததும் பெட்டியைக் கட்டிவிட்டாள். மூன்றாவது பெண் தங்கச்சி கல்யாணம் என்று வந்தவாசிக்குப் போனவள், இன்னும் அந்தக் கல்யாணம் முடியவில்லை போலிருக்கிறது. நான்காவது, புளியந்தோப்பிலிருந்து வந்த கௌசர். ஐந்தாவது, வியாசர்பாடி ராஜாத்தி.

வினிதா யார்டை நடத்துவதுபோலவே வீட்டையும் நடத்தினாள். ஃப்ரிட்ஜ் கதவில் லேமினேஷன் போட்ட அட்டவணை. ஏழு மணிக்கு மாத்திரை, எட்டுக்கு நாஸ்தா, பத்துக்கு நடை. தினமும் மூன்று வேளை சாப்பாட்டுத் தட்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். இது போதாதென்று சோஹாரில் ஒரு கேமரா வாங்கி வந்து, பல கோணம் பார்த்து, சமையலறை வாசலுக்கு மேலே பொருத்தினாள். அங்கிருந்து பார்த்தால் கூடம், கட்டில், தெருக்கதவு, எல்லாம் ஒரே பார்வையில் விழும். கேமரா வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமாக அதன் நெற்றியில் சிவப்பாக ஒரு பொட்டு எரியும். வினிதா போனில் பேசினால் கேமரா வழியாக நைனாவுக்குக் கேட்கும், நைனா பேசினால் அவளுக்குக் கேட்கும்.

கேமரா வைத்த இரண்டாம் வாரம் அந்த அதிசயம் நடந்தது. சோஹாரில் மாலை ஐந்து மணி என்றால் நெட்டுக்குப்பத்தில் ஆறரை. அவள் வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து போனைத் திறந்தாள். கூடத்தில் இருட்டத் தொடங்கியிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நைனா எழுந்தார். மெதுவாக, காலை அகட்டி அகட்டி, நேராகக் கேமராவைப் பார்த்து நடந்து வந்தார். பக்கத்தில் வந்து, அண்ணாந்து, அவளுடைய கண்ணையே பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நைனா!" என்றாள் வினிதா. பஸ்ஸில் இருந்த பிலிப்பைன்ஸ்காரி திரும்பிப் பார்த்தாள்.

"வந்துகினே கீறேன்" என்றார் நைனா.

வினிதா தன் நிறுத்தம் வரும்வரை போனை மூடவில்லை. மறுநாளும் அதே ஆறரை மணி, அதே நடை, அதே பார்வை. அதற்கடுத்த நாளும். வீடியோ காலில் முகத்தைக் காட்டினால் யாரோ என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதர், கேமராவில் அவள் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். எல்லாரையும் மறந்தவர் தன்னை மட்டும் மறக்கவில்லை. இதை அவள் திலீப்பிடம் சொன்னாள், ஜானட்டிடம் சொன்னாள், பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பிலிப்பைன்ஸ்காரியிடமும் சொன்னாள். ஆறரை மணிக்கு நைனா வருவார் என்பதற்காகவே அவளுடைய பகல் நகர்ந்தது.

கௌசர் காலத்தில் ஒரு நாள், நைனா பாதி தூரத்தில் நின்றுவிட்டார். "இன்னும் கிட்ட வா நைனா, இன்னும் கிட்ட" என்று வினிதா போனில் கூப்பிட்டாள். நைனா காலை எடுத்து வைத்தார். கூடத்திலிருந்து சமையலறைக்கு இறங்க அந்த வாசலில் ஒரு படி உண்டு. அந்தப் படியில் கால் தவறி, கதவில் மோதி, விழுந்தார். புருவத்தில் நான்கு தையல்.

வினிதா அன்றைக்கே கௌசரை நிறுத்திவிட்டாள். "அவரு தெனம் அந்தப் பக்கமேதான்க்கா போறாரு. புடிச்சா கைய ஒதர்றாரு. நான் இன்னா பண்ணட்டும்?" என்று அந்தப் பெண் அழுதது வினிதாவின் காதில் ஏறவில்லை. கண்ணை மூடினால் நைனா விழுகிற காட்சிதான் வந்தது. கோபத்தை யார் மேலாவது இறக்க வேண்டாமா?

ராஜாத்தி வந்த முதல் மாதமே இன்னொரு சறுக்கல். நல்லவேளை, முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. டாக்டர் இந்த முறை சுற்றி வளைக்கவில்லை. இன்னொரு தடவை விழுந்து இடுப்பு எலும்பு போனால் எழுந்திருக்க மாட்டார், யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். திலீப் யோசித்து, செங்கல்பட்டு பக்கம் ஒரு முதியோர் காப்பகத்தைக் கண்டுபிடித்தான். சுத்தமான இடம், படியே கிடையாது, எந்நேரமும் நர்ஸ். சுற்றிலும் மாந்தோப்பு. கடல் நாற்பது கிலோமீட்டர் தள்ளி. வினிதா விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து, அனுப்பாமல் போனிலேயே வைத்திருந்தாள். இன்னொரு தடவை விழுந்தால் அனுப்பிவிடுவது என்று இருவரும் பேசி முடித்துவிட்டார்கள். பேசி முடித்த நாளிலிருந்து, ஆட்டோவில் தன் கையைப் பிடித்த நைனாவின் கை அவளுக்கு நினைவு வந்துகொண்டே இருந்தது.

ராஜாத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பத்தாறு வயது, வியாசர்பாடியில் ஹவுசிங் போர்டு வீடு, பதினோரு வருடமாக இதே வேலை. குரல் மட்டும் தனியாக நாலு வீடு தாண்டும். வந்த அன்றைக்கே பக்கத்து வீட்டு அம்மாள் வந்து, நீங்க எந்த ஆளுங்க என்று விசாரித்திருக்கிறாள். "வியாசர்பாடி ஆளுங்கம்மா. கையக் கழுவிட்டுத்தான் சமைப்பேன்" என்று பதில் சொல்லிவிட்டு ராஜாத்தி வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள். அந்த அம்மாள் அப்புறம் அந்தக் கேள்வியோடு வரவில்லை. ராஜாத்தி எத்திராஜை முதல் நாளே நைனா என்று கூப்பிட்டாள். அது வினிதாவுக்குச் சுருக்கென்றது. என் நைனாவை நைனா என்று கூப்பிட இவள் யார்?

இன்னொன்றும் வினிதாவுக்குப் பிடிக்கவில்லை. ராஜாத்திக்குப் படிக்கத் தெரியும், போனில் எழுத வராது. தட்டுப் படத்தோடு தினமும் இரண்டு மூன்று வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாள். ஒவ்வொன்றும் மூன்று நிமிடம், நான்கு நிமிடம். 'வணக்கம் மேடம், நான் ராஜாத்தி பேசுறேன்' என்று கடிதம்போலத் தொடங்கி, நைனா எத்தனை முறை சிரித்தார் என்பதுவரை போகும். 'சுருக்கமாக எழுதி அனுப்பவும்' என்று வினிதா இரண்டு முறை பதில் போட்டாள். மெசேஜ் வருவது நிற்கவில்லை. வினிதா கேட்பதை நிறுத்திவிட்டாள்.

அன்றைக்கு செவ்வாய்க்கிழமை. கம்பெனி பஸ்ஸில் ஏறி, ஜன்னலோர சீட்டைப் பிடித்து, ஐந்து மணிக்குப் போனைத் திறந்தாள். திரை முழுக்க இருட்டு. இருட்டு என்றால் கரண்ட் போன இருட்டு இல்லை. கேமரா வேலை செய்தது. அதன் மேல் யாரோ துணியைப் போட்டு மூடியிருந்தார்கள்.

சத்தம் மட்டும் வந்தது. நாற்காலி தரையில் இழுபடும் சத்தம். பிறகு ராஜாத்தியின் குரல். "கம்முனு குந்து நைனா. எங்கியும் போவாணாம்."

வினிதாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. செய்தித்தாளில் படித்ததெல்லாம் மண்டைக்குள் ஊர்வலம் போனது. கட்டிப் போட்டுவிட்டாளா? அடிக்கிறாளா? "ராஜாத்தி! ராஜாத்தி!" என்று கத்தினாள். பதிலுக்கு மிக்ஸி இரைகிற சத்தம்தான் வந்தது. ராஜாத்தியின் போனுக்கு அடித்தாள், எடுக்கவில்லை. அடுத்த தெருவில் இருக்கும் சுப்புராயனை அழைத்தாள். நைனாவோடு ஒரே போட்டில் முப்பது வருடம் போனவர், அவளுக்குச் சித்தப்பா முறை.

"சித்தப்பா, ஓடிப் போய்ப் பாரு. அந்தப் பொம்பள நைனாவ இன்னாவோ பண்ணுது."

அதே சூட்டோடு ஜானட்டைப் பிடித்தாள். "இன்னைக்கே ஆளை மாத்துங்க. இல்லன்னா நான் போலீசுக்குப் போவேன்."

ஜானட் இருபது வருடமாக இப்படிப்பட்ட போன்களை எடுத்துப் பழகியவள். "மாத்தலாம்மா. ஆனா ஒண்ணு கேக்குறேன். ராஜாத்தி உங்களுக்கு நேத்து ராத்திரி மெசேஜ் போட்டிருக்காளே, கேட்டீங்களா? போட்டுட்டு என்கிட்டயும் சொன்னா."

கேட்கவில்லை. கேட்காமல் பதினேழு மெசேஜ் கிடந்தது. கடைசிக்கு முந்தியது நேற்று ராத்திரி வந்தது, வினிதா அதைத் தட்டினாள்.

"வணக்கம் மேடம், நான் ராஜாத்தி பேசுறேன். நைனா நல்லா கீறாரு. மதியம் வஞ்சரம் ரெண்டு துண்டு துன்னாரு, முள்ளு எடுத்துக் குடுத்தேன். இன்னா விசயம்னா மேடம், சாயங்காலம் ஆனா அவரு கிச்சன் பக்கமே போறாரு இல்ல, அது ஏன்னு இத்தினி நாளா எனுக்குப் புரில. இன்னிக்கு ஆறு மணிக்குக் கரண்டு போச்சு. மெழுவத்தி ஏத்தி வச்சேன். கம்முனு குந்திகினு ரெண்டு தோசை துன்னாரு. கரண்டு வந்துச்சு பாருங்க, உங்க கேமராவுல செவப்பா ஒரு பொட்டு எரியுதில்ல, அத்தப் பாத்துட்டு சடார்னு எந்திரிச்சிட்டாரு. அந்த லைட்டுதான் மேடம் அவர இட்டுகினு போவுது. ஏன்னு எனுக்குத் தெரியாது. அதுக்கு நேர் கீழதான் படி. நாளைக்கு சாயங்காலம் ஒரு துணி போட்டு மூடிப் பாக்கட்டா? வாணாம்னா ஒரு வார்த்தை சொல்லுங்க. வச்சிடுறேன் மேடம்."

வினிதா ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. அதைச் சம்மதம் என்று ராஜாத்தி எடுத்துக்கொண்டதில் என்ன தப்பு? மெசேஜை இன்னொரு முறை கேட்டாள். லைட்டாவது, அவரை இழுப்பதாவது. அவர் வருவது என்னைப் பார்க்க அல்லவா? இவளுக்கு என்ன தெரியும்?

அப்போது சுப்புராயனின் போன் வந்தது. மூச்சு வாங்கினாலும் குரலில் சிரிப்பு இருந்தது.

"இன்னாம்மா நீ, மெர்சலாக்கிட்ட. உங்க நைனா கால்மேல கால் போட்டுகினு தோசை துன்னுகினு கீறாரு. அந்தம்மா சட்னி வச்சுகினு கீது. போனு சார்ஜுல கெடக்குது."

வினிதா துணி மூடிய கதையைச் சொன்னாள். சிவப்புப் பொட்டைச் சொன்னாள்.

"அட, பவர் ஹவுஸ் சிம்னிம்மா அது" என்றார் சுப்புராயன். "இருட்டிச்சின்னா கடல்லேர்ந்து கரை எங்க தெரியும்? பவர் ஹவுஸ் சிம்னி உச்சியில செவப்பு லைட்டு எரியும் பாரு, அதான் தெரியும். அத்த மூக்குக்கு நேரா வச்சுகினு வந்தா ஆத்து வாய், நம்ம ஆறு கடல்ல சேர்ற எடம். வூடு வந்துட்ச்சுன்னு அர்த்தம். முப்பது வருசம் நானும் அவரும் அப்படித்தான வந்தோம். அவரு எங்கியும் போவல வினிதா. வூட்டுக்கு வந்துகினு கீறாரு."

பஸ் அவளுடைய நிறுத்தத்தைத் தாண்டிப் போனது. வினிதா இறங்கவில்லை.

ஆக, அவர் பார்த்தது அவளை இல்லை. 'வந்துகினே கீறேன்' என்று சொன்னது அவளிடம் இல்லை. தினமும் கரை சேரப் பார்த்த மனிதரை, தன்னைத் தேடி வருகிறார் என்று நினைத்து அவள் குளிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தாள். அதையாவது தாங்கிக்கொள்ளலாம். 'இன்னும் கிட்ட வா நைனா' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்தப் படிக்கு அவரை இழுத்தவள் யார்? நான்கு தையலும் யார் போட்டது? பாவம், கௌசர். வினிதா பஸ்ஸில், எல்லார் எதிரிலும், சத்தமாக அழுதாள். பிலிப்பைன்ஸ்காரி எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஜானட்டிடம் கௌசரின் நம்பரை வாங்கினாள். "தப்பு என்னோடதும்மா. உன் மேல பழி போட்டுட்டேன். மன்னிச்சிடு" என்றாள். "பரவால்லக்கா. தாத்தா இப்ப எப்படி கீறாரு?" என்றாள் கௌசர். வினிதாவுக்கு அந்தக் கேள்வி அறைந்ததுபோல் இருந்தது. பிறகு உட்கார்ந்து, மீதிப் பதினாறு மெசேஜையும் கேட்டு முடித்தாள். பதினான்கு மாதத்தில் அவளுக்குத் தெரியாத ஒரு நைனா அதற்குள் இருந்தார். இஞ்சி டீ கேட்கிற நைனா. ராஜாத்தியின் சேலையைப் பார்த்து, முத்தம்மாகிட்ட இந்தக் கலரு கீது என்கிற நைனா.

துணி போட்டு மூடியதில் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மூன்று நாள் நன்றாகத்தான் போயிற்று. நான்காம் நாள் வெள்ளிக்கிழமை, வினிதாவுக்கு லீவு. நெட்டுக்குப்பத்தில் மணி ஏழரை ஆனபோது ராஜாத்தி போன் செய்தாள். முதல் முறையாக வாய்ஸ் மெசேஜ் போடாமல் நேராகக் கூப்பிட்டாள். நைனா இருட்டியதும் கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். ஒவ்வொரு மூலையாக அண்ணாந்து தேடியிருக்கிறார். ராஜாத்தி அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் தெருக்கதவைத் திறந்துகொண்டு ஆற்றங்கரைவரை போய்விட்டார். தண்ணீரில் முழங்கால்வரை நின்றவரை, சுப்புராயனும் அவளுமாகப் பேசிப் பேசிக் கூட்டி வந்திருக்கிறார்கள்.

"வழி தெரிலன்னு அழுவுறாரு மேடம்" என்றாள் ராஜாத்தி. அவள் குரலே கம்மியிருந்தது.

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த திலீப் மெதுவாகச் சொன்னான். "வினி, இதுக்கு மேல ரிஸ்க் எடுக்கக் கூடாது. அந்த ஃபாரத்த அனுப்பிடு."

அவன் சொல்வதில் தப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். விண்ணப்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். அனுப்பு என்ற பொத்தானுக்கு மேலே கட்டைவிரல் நின்றது. சுற்றிலும் மாந்தோப்பு. அங்கே எந்தச் சிம்னி தெரியும்?

"ராஜாத்திக்கா" என்றாள். அவளை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "நான் இன்னாக்கா பண்ணட்டும்? கேமராவையே கழட்டிடட்டா?"

"கழட்ட வாணாம்" என்றாள் ராஜாத்தி. "மாத்து. அவரு வூட்டுக்கு வரணும், அவ்ளோதான? வரட்டும். அந்த லைட்ட கட்டிலுக்கு நேர் மேல வச்சிட்டா, நேரா கட்டிலாண்ட வந்துடுவாரு. நடுவுல படி கெடையாது, ஒண்ணியும் கெடையாது. நாற்காலிய மட்டும் நகத்திப் போட்டுடுறேன்."

எவ்வளவு சின்ன விஷயம்! ஆனால் வினிதாவுக்கு அது சின்ன விஷயமாக இல்லை. கட்டிலுக்கு மேலே போனால் கேமராவுக்கு எதிர் ஜன்னலும் கட்டிலும்தான் தெரியும். கூடத்தின் மறுபாதி தெரியாது, தெருக்கதவு தெரியாது, ராஜாத்தி பாதி நேரம் என்ன செய்கிறாள் என்று தெரியாது. மாத்திரை கொடுத்தாளா, கதவைப் பூட்டினாளா, எல்லாவற்றையும் அவள் வாய் வார்த்தையைக் கேட்டு நம்ப வேண்டும். கண்ணால் பார்க்காத பெட்டியை ஏற்றினேன் என்று அவள் வாழ்க்கையில் கையெழுத்துப் போட்டதில்லை.

"மாத்துக்கா" என்றாள் வினிதா. "தெருக்கதவுக்கு மட்டும் மேல ஒரு தாழ்ப்பாள் போட்டுடு."

விண்ணப்பத்தை மூடினாள். அழிக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அவள் ஒன்றும் அவ்வளவு தைரியசாலி இல்லை.

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து மாற்றினார். சாயங்காலம் ராஜாத்தி நாற்காலியை ஜன்னலோரம் போட்டு, நைனாவை உட்காரவைத்து, கூடத்து லைட்டைக் குறைத்தாள். சோஹாரில் வினிதாவும் திலீப்பும் மூச்சைப் பிடித்துக்கொண்டு போனைப் பார்த்தார்கள். ஆறரை ஆயிற்று. நைனா தலையை நிமிர்த்தினார். சிவப்புப் பொட்டைக் கண்டார். எழுந்தார். வினிதா கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும்போல் இருந்ததை வாயைப் பொத்தி அடக்கிக்கொண்டாள்.

"உங்க பொண்ணு போட்டு வச்ச லைட்டு நைனா" என்ற ராஜாத்தியின் குரல் கேட்டது. "நேரா வா."

பத்து எட்டு வைக்க வேண்டிய தூரம். காலை அகட்டி, அலையில் ஆடுகிற போட்டில் நிற்பதுபோல் நின்று நின்று வந்தார். கட்டிலுக்கு முன்னால் வந்ததும் தயங்கினார். மறுபடியும் திரும்பிவிடுவாரோ? நைனா தோளில் கிடந்த துண்டை எடுத்தார். ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு மறுமுனையை, போட்டிலிருந்து கரையில் நிற்கிற ஆளுக்குக் கயிறு எறிவதுபோல், முன்னால் வீசினார். அது கட்டிலின் மேல் விழுந்து, சரிந்தது. அவர் காத்து நின்றார்.

வியாசர்பாடிக்காரிக்கு போட்டைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் ஒரு மனிதர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றால், இன்னொரு முனையை யாராவது பிடிக்க வேண்டும் என்று தெரிந்தது. ராஜாத்தி துண்டைப் பிடித்து மெல்ல இழுத்தாள். நைனா அந்த இழுப்புக்கு இரண்டு எட்டு வைத்து, கட்டிலில் உட்கார்ந்து, "அப்பாடா" என்றார்.

அன்றிலிருந்து தினமும் ஆறரைக்கு நெட்டுக்குப்பத்தில் ஒரு போட்டு கரை சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ராஜாத்திக்கு லீவு கொடுக்கக் கௌசர் வந்தாள், அவளும் கயிறு பிடிக்கக் கற்றுக்கொண்டாள். எட்டு மாதமாக நைனா விழவில்லை. நோய் இறங்கிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். ராஜாத்தியின் பெயர் சில நாள் முத்தம்மா ஆகும், சில நாள் வெறும் 'யாரு அது' ஆகும். தட்டுப் படம் அனுப்ப வேண்டாம் என்று வினிதா சொல்லிவிட்டாள். வாய்ஸ் மெசேஜ் மட்டும் தினமும் மூன்று வரும். பஸ்ஸில் போகும்போது அதைத்தான் கேட்பாள்.

மே மாதம், மகளின் பரீட்சை முடிந்ததும் வினிதா பத்து நாள் லீவில் வந்தாள். பகல் ஒரு மணிக்குப் பையோடு உள்ளே நுழைந்தவளை நைனா ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்தது நடந்தால் வலிக்காது என்று யார் சொன்னது?

சாயங்காலம் ராஜாத்தி அவளைக் கையைப் பிடித்துக் கட்டில் பக்கம் கொண்டுவந்து நிறுத்தினாள். "இன்னிக்கு நீ புடி வினிதா. எனுக்கு அடுப்புல வேலை கீது."

ஆறரைக்கு நைனா எழுந்தார். இத்தனை நாள் திரையில் பார்த்த நடை, இப்போது எதிரே வந்தது. வந்து நின்றார். துண்டை வீசினார். கண் கலங்கி நின்ற வினிதா அதைப் பிடிக்கத் தவறினாள், துண்டு தரையில் விழுந்தது.

"இன்னா பொண்ணு நீ, கவுறு புடிக்கத் தெரியாதா?" என்று அதட்டினார் நைனா.

வினிதா குனிந்து எடுத்துப் பிடித்தாள். இழுத்தாள். அவர் வந்து உட்கார்ந்தார். அவள் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"புதுசா வேலைக்கு வந்துக்கிறியா?"

"ஆமா நைனா. புதுசு."

"பயப்படாத. போவப் போவ வந்துடும்." குரல் இறங்கிவிட்டது. ஆறுதலாக அவள் கையைத் தட்டினார். "இங்க நல்லா பாத்துப்பாங்க. எம் பொண்ணு ஒண்ணு கீது, கடலுக்கு அந்தாண்ட. எல்லாம் அதான் பாத்துக்கினு கீது."

வினிதா மெல்லக் கேட்டாள். "உங்க பொண்ணு எப்ப வரும் நைனா?"

நைனா சிரித்தார். இதுகூடத் தெரியாதா என்கிற சிரிப்பு. "அது எதுக்கு வரணும்? நான்தான தெனம் அதாண்ட வந்துகினு கீறேன்." விரலைத் தூக்கிக் கட்டிலுக்கு மேலே காட்டினார். "பாரு, எனுக்கோசரம் லைட்டு போட்டு வச்சுக்கீது."

உள்ளேயிருந்து ராஜாத்தி, தோசை ஊற்றட்டுமா என்று கேட்டாள். ரெண்டு பேருக்கும் ஊத்துக்கா என்று சொல்லிவிட்டு, வினிதா துண்டின் முனையைக் கையில் சுற்றிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.